குழாயில் ஒலிக்கும் குரல்: வடசென்னை ஆடித் திருவிழாக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றி விழா எடுக்கும் விழாக்குழு அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். வயது 48. கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருஷம் ஆர்க்கெஸ்ட்ராவில் பாடினேன். உங்களில் சிலருடைய அப்பாக்கள் வசூல் பண்ணிப் போட்ட மேடைகளில் பாடி, அவர்கள் கையால் சால்வை வாங்கியிருக்கிறேன். அதனால் வெளியாள் எழுதுகிற கடிதமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் வீட்டு விஷயம் என்றுதான் எழுதுகிறேன்.

ஆடி பிறந்தால் நம் தெருவுக்கு முதலில் வருவது பந்தல் இல்லை, ஸ்பீக்கர். காலை ஆறு மணிக்கு சவுண்டு சர்வீஸ் பையன் ஒயரைச் சொருகியதும் வருகிற குரல் எல்.ஆர். ஈஸ்வரியம்மாவுடையது. என் அம்மா காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துக் கூடையில் சுமந்து விற்றவர். மூன்று மணிக்கே எழுந்து கடற்கரைக்குப் போகிறவர், ஆடி ஞாயிறு மட்டும் வீட்டில் இருப்பார். கூழ் கிண்டிக்கொண்டிருக்கும்போது ‘கற்பூர நாயகியே’ தொடங்கினால் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய் நிற்பார். பாட்டு முடியும்வரை உள்ளே வரமாட்டார். கூழ் அடிபிடித்தாலும் சரி. அந்த ஐந்து நிமிஷம் அவர் யாருக்கும் அம்மா இல்லை, யாருக்கும் பெண்டாட்டி இல்லை. சின்ன வயதில் எனக்கு அது புரியவில்லை. இப்போது புரிகிறது.

பாப் என்ற சொல் நம் தெருவுக்கு வருவதற்கு முன்பே நமக்கு ஒரு பாப் ஸ்டார் இருந்தார். இப்போதுள்ள பிள்ளைகள் வெளிநாட்டுப் பாடகிகளின் பெயரைச் சொல்லி, அவர் எப்படி லட்சம் பேரை ஆடவைக்கிறார் பாருங்கள் என்று போனைக் காட்டுகிறார்கள். சந்தோஷமாகப் பார்க்கிறேன், நல்ல பாட்டுகள்தான். ஆனால் ஒற்றைப் பெண் குரல் ஒரு ஊரின் கல்யாணத்தையும் திருவிழாவையும் அறுபது வருஷமாகக் கையில் வைத்திருப்பதை நான் இங்கேதான் பார்த்தேன்.

அவர் வந்த வழியையும் கொஞ்சம் சொல்கிறேன். நம் மெட்ராஸில் பிறந்தவர்தான். கத்தோலிக்கக் குடும்பம், பெற்றோர் வைத்த பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. அம்மா சினிமாவில் கோரஸ் பாடி வீட்டைக் காப்பாற்றியவர். மகளும் அம்மாவோடு போய்க் கோரஸில் நின்றார். கோரஸ் பாடுகிறவர்களுக்கு முகம் கிடையாது, பெயர் கிடையாது. அந்த வரிசையில் இருந்து அவரைத் தனியாகக் கூப்பிட்டவர் கே.வி. மகாதேவன், 1958-ல் ‘நல்ல இடத்துச் சம்பந்தம்’ படத்துக்காக. மூன்று வருஷம் கழித்து ‘பாசமலர்’ வந்தது. ‘வாராயென் தோழி’ இல்லாமல் அதற்கப்புறம் நம் பக்கம் ஒரு கல்யாணமாவது நடந்திருக்குமா? மணப்பெண்ணை மேடைக்கு அழைத்துவர அந்தப் பாட்டைப் போடச்சொல்லி இன்றைக்கும் சவுண்டு செட்காரரிடம் ஆள் ஓடுகிறது.

ஆனால் சினிமா அவருக்கு எல்லாப் பாட்டையும் கொடுக்கவில்லை. கதாநாயகி வீட்டில் விளக்கேற்றி, கணவனை நினைத்துப் பாடுகிற பாட்டு வேறொருவருக்குப் போகும். கிளப்பில் ஆடுகிறவளுக்கும், கூடை சுமந்து வியாபாரம் செய்கிறவளுக்கும், ஆண்களைப் பார்த்துக் கேலி பேசுகிறவளுக்கும்தான் இவர் குரல். நல்லவளுக்கு ஒரு குரல், மற்றவளுக்கு ஒரு குரல் என்று பிரித்து வைத்திருந்தார்கள். அந்த மற்றவளுக்குத்தான் ஈஸ்வரியம்மா உயிர் கொடுத்தார். பாட்டுக்கு நடுவில் சிரித்தார், மூச்சு வாங்கினார், வாயால் விசில் அடிக்கிற மாதிரி ஒலி எழுப்பினார். 1968-ல் ‘எலந்தப் பழம்’ பாட்டில் பழக்கூடையோடு வருகிற பெண் எங்கள் தெருவில் நடந்துபோகிற பெண்ணேதான். அம்மாவும் அத்தைகளும் மார்க்கெட்டில் பேரம் பேசுகிற தோரணை அந்தக் குரலில் இருந்தது. தங்கள் குரல் மாதிரி ஒரு குரல் ரேடியோவில் வருவதை அவர்கள் முதல் தடவையாகக் கேட்டார்கள்.

1969-ல் ‘சிவந்த மண்’ படத்தில் அந்தப் ‘பட்டத்து ராணி’. சாட்டை வீசுகிறார்கள், அடிக்கு நடுவில் அந்தப் பெண் பாட வேண்டும். ஒவ்வொரு சாட்டைக்கும் குரல் துடித்து, மறுபடி நிமிர்ந்து தாளத்தைப் பிடிக்கும். அடி வாங்கி நிமிர்வது எப்படி இருக்கும் என்று தெரிந்த பெண்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர் இருந்தார்கள். ஆர்க்கெஸ்ட்ராவில் அந்தப் பாட்டை நான் பாடும்போது முன்வரிசையில் ஆண்கள் விசில் அடிப்பார்கள். பின்னால் சுவரோரம் நிற்கிற பெண்கள் விசில் அடிக்கமாட்டார்கள், கண்ணை எடுக்காமல் பார்ப்பார்கள். நான் அவர்களுக்காகத்தான் பாடினேன்.

உரக்கத்தான் பாட வரும் என்று நினைத்தவர்களுக்கு 1972-ல் ‘வெள்ளி விழா’ படத்தில் வி. குமார் இசையில் ‘காதோடுதான் நான் பாடுவேன்’ பாடிக் காட்டினார். இரண்டு வருஷம் கழித்து ‘அவள் ஒரு தொடர்கதை’யில் உலகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிற பாட்டும் அவருக்கு வந்தது. 2011-ல் ‘ஒஸ்தி’ படத்தில் ‘கலசலா’ பாடியபோது அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. என் மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்தாள். இந்தப் பாட்டி யாரும்மா என்று கேட்டாள். ஆடியில் காலையில் கேட்பாயே அந்தக் குரல்தான் என்றேன். அவளால் நம்ப முடியவில்லை.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

சினிமா ‘மற்றவளுக்கு’ என்று ஒதுக்கி வைத்த அதே குரல்தான் அம்மன் பாட்டுக்கு வந்தது. சர்ச்சில் ஞானஸ்நானம் பெற்ற பெண் குரல்தான் இன்று தமிழ்நாட்டில் மாரியம்மனுக்கும் கருமாரிக்கும் குரல். யாராவது இது சரியா என்று கேட்டோமா? கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது நம் மக்களின் பெருந்தன்மை என்று நான் மனதார நம்புகிறேன். பெரியபாளையத்துக்கு வேப்பஞ்சேலை கட்டப் போகிற வேனில் அவர் குரல். பால்குடம் எடுக்கும்போது அவர் குரல். பம்பையும் உடுக்கையும் சேர்ந்து, அந்தக் குரல் உச்சிக்குப் போகும்போதுதான் நம் பெண்களுக்குச் சாமி வருகிறது.

சாமி வந்த பெண்ணை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்று ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். வீட்டில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவள் தெரு நடுவில் தலைமுடியை விரித்துப்போட்டுக் கத்துவாள். விழாக்குழுத் தலைவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் முன்னால் போய், ‘இன்னா தாயே வேணும், சொல்லு தாயே’ என்று கேட்பார். போன வருஷம் கும்பம் போட்டது குறை என்று அவள் திட்டினால் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார். அரை மணி நேரம் அந்தத் தெருவில் அவள் வைத்ததுதான் சட்டம். சாமி மலையேறியதும் முகத்தில் தண்ணீர் தெளித்து வீட்டுக்கு அனுப்புவீர்கள். சாயங்காலம் மேடை ஏறும்போது அந்த மேடையில் நம் தெருப் பெண் ஒருத்திகூட இருக்கமாட்டாள்.

போன ஆடியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எந்தக் குழு என்று சொல்லப்போவதில்லை, இது ஒரு தெருவோடு நிற்கிற விஷயமும் இல்லை. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சாயங்காலம் ஏழெட்டுப் பெண் பிள்ளைகள் வந்து பாடிப் பழகுகிறார்கள். கட்டணம் எதுவும் கிடையாது. போனில் ட்ராக் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களில் ஒருத்தி, பிளஸ் ஒன் படிக்கிறவள், அப்பா லோடு இறக்குகிறவர். நல்ல தொண்டை. விழாக் கச்சேரியில் இரண்டு பாட்டுப் பாட அவள் பெயரைக் குழுவே எழுதிக்கொண்டது. மூன்று வாரம் பழகினாள். அவளுக்கு நான் பச்சைப் பாவாடையும் மஞ்சள் தாவணியும் தைத்து வைத்திருந்தேன். விழாவுக்கு முதல் நாள் ஒரு பையனை அனுப்பிச் சொல்லிவிட்டார்கள். ‘பொம்பளப் புள்ளய மேடையேத்த வேணாம்னு பெரியவங்க சொல்றாங்க. ராத்திரி நேரம், எதுனா ஆயிட்டா யாரு பதில் சொல்றது.’

மறுநாள் அதே மேடையில் வெளியூரில் இருந்து காசு கொடுத்து அழைத்துவந்த பெண்கள் சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். அவர்கள் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அது அவர்கள் பிழைப்பு, கஷ்டப்பட்டு உழைக்கிறார்கள். என் கேள்வி உங்களிடம்தான். அந்தப் பெண்களுக்கு எதாவது ஆகிவிட்டால் பதில் சொல்லவேண்டாமா? அவர்களும் யார் வீட்டுப் பிள்ளைகளோதானே? அவர்கள் ஆடினால் விழா சிறக்கும், நம் பிள்ளை அம்மன் பாட்டுப் பாடினால் மானம் போகும் என்பது என்ன கணக்கு? சினிமாக்காரர்கள் நல்லவளுக்கு ஒரு குரல், மற்றவளுக்கு ஒரு குரல் என்று அன்று போட்ட கோடு இதுதான். அந்தக் கோட்டை அழித்த குரலை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே நாம் அதே கோட்டை மறுபடி போடுகிறோம்.

அந்தப் பிள்ளை அழவில்லை. தாவணியை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, ‘அடுத்த வருஷம் இது எனக்குப் பத்தாது ஆண்ட்டி, வேற யாருக்காவது குடுத்துடுங்க’ என்றாள். நான்தான் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

பாதுகாப்பு பற்றி நீங்கள் பயப்படுவதை நான் ஒதுக்கமாட்டேன். பட்டவள் நான். 1997-ல் என் முதல் கச்சேரி. மைக் ஸ்டாண்டை ஆண் பாடகரின் உயரத்துக்கு முறுக்கி வைத்திருந்தார்கள், இறக்கித் தரச்சொல்லிக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. குதிகாலைத் தூக்கிக்கொண்டு நான்கு பாட்டும் பாடினேன். பாட்டுக் கேட்டுச் சீட்டு அனுப்புவார்கள், சில சீட்டுகளில் எழுதியிருந்ததை இங்கே எழுத முடியாது. புடவை மாற்ற இடம் இருக்காது. வேனுக்குப் பின்னால் அம்மா போர்வையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கச்சேரி ராத்திரி ஒரு மணிவரை போகும். ஒரு தடவை வேன் டிரைவர் என்னையும் அம்மாவையும் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருக்க, இரண்டு மணிக்கு இரண்டு பெண்கள் நடந்தே வீடு வந்தோம். சம்பளம் எனக்கு 150 ரூபாய், ஆண் பாடகருக்கு 300. ஒரே எண்ணிக்கை பாட்டுதான்.

இவ்வளவுக்கும் பிறகு நான் பாட்டை விட்டது இதனால் இல்லை. கல்யாணப் பேச்சு வந்தபோது, மேடையில் பாடின பெண்ணா என்று ஒரு கேள்வி வந்தது. அதற்கு எங்கள் பக்கம் யாரும் பதில் சொல்லவில்லை. அப்பாவும் தலையைக் குனிந்தார். அவ்வளவுதான்.

இன்றைக்கு ராத்திரி என்ற காரணம் பெரும்பாலும் இல்லை. 2000-ல் ஒலி மாசு விதிகள் வந்து, பொதுவாகப் பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்றாகிவிட்டது. பத்து அடித்தால் போலீஸே வந்து நிறுத்தச் சொல்கிறார்கள். பயம் என்றால் அதற்கு ஏற்பாடு செய்யலாம். பிள்ளையை வீட்டில் உட்கார வைப்பது ஏற்பாடு ஆகாது.

இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்கிறேன். கானா நம் சொத்து. சாவு வீட்டில், பதினாறாம் நாள் காரியத்தில், தெருமுனையில் பிறந்த பாட்டு. துக்கத்தைத் தாளமாக மாற்றத் தெரிந்தவர்கள் நாம். ஆனால் அந்தப் பாட்டை ஆண்கள்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒப்பாரி பெண்ணுக்கு, கானா ஆணுக்கு. ராயபுரத்துப் பெண் இசைவாணி அதற்குள் வந்தார். 2018 ஜனவரியில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு சென்னையில் முதல் தடவை மேடையேறியபோது, கோட் போட்ட அத்தனை ஆண்களுக்கு நடுவில் அவர் ஒருவர்தான் பெண். 2020-ல் பிபிசி வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அவருடைய எல்லாப் பாட்டும் எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். அவரால் எங்கள் மொட்டைமாடியில் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முன்பெல்லாம் பிள்ளைகள் சினிமாப் பாட்டை அப்படியே திருப்பிப் பாடுவார்கள். அவரைப் போனில் பார்க்க ஆரம்பித்ததற்கு அப்புறம் சொந்தமாக எழுதிக்கொண்டு வருகிறார்கள். கானா என்றால் அண்ணன்தான் பாட வேண்டும் என்று யாரும் இப்போது நினைப்பதில்லை. தண்ணீர் லாரிக்கு முன்னால் குடத்தோடு நிற்பதைப் பற்றி ஒருத்தி எழுதினாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்துவந்து எண்ணூர் கழிமுகம் முழுக்கப் பரவியதே, அப்போது அந்தப் பக்கம் இருந்து வருகிற பிள்ளை ஒரு பாட்டு எழுதினாள். ‘வலை கறுத்துப் போச்சு, எங்கப்பா கையி தாராச்சு’ என்று தொடங்கும். பிளாஸ்டிக் குடத்தைத் திருப்பிப்போட்டு அதில் தாளம் தட்டிக்கொண்டு பாடினாள். மூன்று நாள் தேய்த்தும் அவள் அப்பா கையில் இருந்து அந்தக் கறுப்பு போகவில்லையாம். பேசும்போது வாயே திறக்காத பிள்ளை அவள். அந்தப் பாட்டைக் கேட்ட பிறகுதான் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கே தெரிந்தது.

ஒரு பாடகி பெரிய ஆளாவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களை அந்த மாடிக்கு அழைத்துவர ஆசையாக இருக்கிறது. பாட்டு நம் பிள்ளைகளுக்குச் சோறு போடும் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குப் போடவில்லை. ஆனால் ஈஸ்வரியம்மா குரலைக் கேட்டு என் அம்மா வாசலில் போய் நின்றார். நான் மேடை வரைக்கும் போனேன். இந்தப் பிள்ளைகள் சொந்தப் பாட்டு எழுதுகிறார்கள். ஒவ்வொரு தலைமுறையும் ஒரு படி ஏறியிருக்கிறது. அடுத்த படி உங்கள் மேடை.

அதனால் கேட்கிறேன். வருகிற ஆடியில் கச்சேரி தொடங்கும்போதே, ஏழு மணி வாக்கில், அரை மணி நேரம் நம் தெருப் பெண் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். நோட்டீஸில் அவர்கள் பெயரையும் அச்சடியுங்கள். நன்கொடை கொடுத்த ஒவ்வொருவர் பெயரும் வருகிற நோட்டீஸில் ஐந்து பிள்ளைகள் பெயருக்கு இடம் இருக்கும். ஆண் பாடகருக்கு ஒரு பாட்டுக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதையே இவர்களுக்கும் கவரில் போட்டுக் கையில் கொடுங்கள், பாராட்டி ஒரு சொம்பு கொடுத்து அனுப்ப வேண்டாம். பக்கத்தில் ஏதாவது ஒரு வீட்டில், கதவு சாத்துகிற அறை ஒன்றும் பாத்ரூமும் கேட்டு வையுங்கள். அதை நம் தெருப் பெண்கள் யாரும் மறுக்கமாட்டார்கள். மேடைக்கு முன்னால் குடித்துவிட்டு ஆடுகிறவர்களை ஓரமாக அழைத்துப்போக நான்கு தம்பிகள் நின்றால் போதும், தேருக்கு நிற்பதைப் போல. பாட்டுக் கேட்டு வருகிற சீட்டைக் குழுவில் ஒருவர் படித்துப் பார்த்த பிறகு பாடுகிறவர் கையில் கொடுங்கள். முடிந்ததும் அவர்கள் வீட்டு வாசல்வரை ஆட்டோ. இதற்கு ஆகும் செலவை சீரியல் லைட்டில் ஒரு வளைவைக் குறைத்தால் எடுத்துவிடலாம். அதுவும் முடியாது என்றால் ஆட்டோ செலவை நான் தருகிறேன், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

முதல் வருஷம் நான்கு பேர் முணுமுணுப்பார்கள். பெரியவர்கள் என்று நீங்கள் சொல்கிறவர்களிடம் நானே வந்து பேசத் தயார். அவர்களில் பாதிப் பேர் நான் பாடிக் கேட்டவர்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஐந்து மணிக்கு எங்கள் மாடியில் பயிற்சி நடக்கும். குழுவில் இருந்து இரண்டு பேர் வந்து கேளுங்கள். நன்றாகப் பாடாத பிள்ளையை எடுக்கச் சொல்லி நான் கேட்கமாட்டேன். போன வருஷம் பெயர் நீக்கப்பட்ட அந்தப் பிள்ளை இப்போது பிளஸ் டூ. அந்தத் தாவணியை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. பாவாடையின் மடிப்பைப் பிரித்து இரண்டு அங்குலம் நீளமாக்கி வைத்திருக்கிறேன். அவளைத் தேர்ந்தெடுத்தால் ஒரே ஒரு உதவி செய்யுங்கள். இன்னும் உயரம் கொஞ்சம் கம்மிதான் அவளுக்கு. மேடை ஏறுவதற்கு முன்னால் யாராவது ஒரு தம்பி போய் மைக் ஸ்டாண்டை இறக்கி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையில் இருந்து ஒரு பழைய ஆர்க்கெஸ்ட்ராப் பாடகி